முப்பத்தோராம் ஷரத்து

கைப்பேசி அதிர்ந்தபோது ஜெனோவா மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று ஒருவருக்கு இருமல் மருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலை மணி பத்து ஐந்து. ஓர்மை நிறுவனத்திடமிருந்து செய்தி. மாதாமாதம் வரும் பேட்டரி நிலவரம்தான் என்று நினைத்து விரலால் தள்ளிவிடப் பார்த்தாள். அப்போதுதான் 'ஓய்வு' என்ற சொல் கண்ணில் பட்டது.

'பயனர் ம. ராயப்பனின் நிதானம் கருவி, ஒப்பந்தத்தின் 31(4)ஆம் ஷரத்தின்படி, ஒப்பீட்டு ஆய்வுக்காக இன்று காலை 10 மணி முதல் எழுபத்திரண்டு மணி நேரம் ஓய்வு நிலையில் வைக்கப்பட்டுள்ளது. இக்காலத்தில் வாகனம் ஓட்டுவதையும் உயரமான இடங்களில் வேலை செய்வதையும் தவிர்க்கவும். ஒத்துழைப்புக்கு நன்றி.'

அவள் கையிலிருந்த மருந்து பாட்டில் கவுண்டர் மேல் சாய்ந்து உருண்டது. வாங்க வந்தவரே அதைப் பிடித்து நிறுத்தினார்.

ராயப்பன் அவள் கணவர். அந்த நிமிடத்தில் அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில், தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கிரேன் கேபினுக்குள் குனிந்து உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி லாரிகளில் இறக்கிக்கொண்டிருப்பார். மேலே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அவருடையது கீழே லாக்கரில் இருக்கும். இதே செய்தி அந்த இருட்டுக்குள்ளும் ஒருமுறை அதிர்ந்து அடங்கியிருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, லீவு நாளொன்றில், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு முதல்முறையாக வலிப்பு வந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று. எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து அடிபட்டதாகத் துறைமுகத்தில் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனார்கள். அங்கேதான் ஓர்மையின் நிதானம் கருவியைப் பற்றிச் சொன்னார்கள். மிளகளவு சில்லு ஒன்று. மூளைக்குள் வலிப்பு கிளம்பப்போவதை அது முன்கூட்டியே மோப்பம் பிடித்து, பதிலுக்கு ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பி அமுக்கிவிடும். வைத்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவருக்கு வலிப்பு வரவில்லை. ஆறு மாதத்தில் மறுபடியும் கிரேன் ஏறினார். தலைக்குள் கருவி இருப்பது துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது.

அறுவை அரங்கின் வாசலில் அவர் நினைவில்லாமல் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது ஒருத்தி வந்து ஜெனோவாவின் முன்னால் டேப்லெட்டை நீட்டினாள். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசியா இங்க." ஜெனோவா கையெழுத்துப் போட்டாள். கீழே இருநூற்றுச் சொச்சம் பக்கம் இருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தாளே தவிர ஒரு வரி படிக்கவில்லை. அந்த நேரத்தில் யார்தான் படிப்பார்கள்?

கடையின் பின்பக்கம் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓர்மையின் எண்ணை அழுத்தினாள். நாலு நிமிடம் இசை ஓடியது. பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம், நான் இலக்கியா பேசுறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"எங்க வீட்டுக்காரர் கருவிய அணைச்சிருக்கீங்க. உடனே போடுங்க. அவரு கிரேன் மேல இருக்காரு. நாப்பது மீட்டர். கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "மேடம், இது கோளாறு இல்ல. ஒப்பீட்டு ஆய்வு. எங்க பயனாளிகள்ல நாப்பது பேருக்கு ஒருத்தரை வருஷத்துல ஒரு தடவ குலுக்கல்ல எடுப்போம். மூணு நாள் கருவி வேலை செய்யாம இருந்தா மூளை எப்படி இருக்குன்னு பாக்குறதுக்கு. அதை வச்சுத்தான் அடுத்த கருவிய..."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"ஒப்பந்தத்துல இருக்கு மேடம். 31(4). முன்னாடியே சொன்னா முடிவு மாறிப்போகும்னு ஓய்வு ஆரம்பிச்ச பிறகுதான் தகவல் தருவோம்னும் இருக்கு. பராமரிப்பாளர்ங்கிற இடத்துல ஜெனோவான்னு கையெழுத்து இருக்கு. நீங்கதானே?"

"நாந்தான். ஆனா நான் அதப் படிக்கலம்மா."

"படிச்சு ஒப்புக்கொண்டதாத்தான் மேடம் இங்க இருக்கு."

"படிக்கலன்னு சொல்லுதேன்ல!"

"மேடம், ஆய்விலிருந்து பாதியில விலக வழி இருக்கு. விலகல் ஒப்பந்தம் அனுப்புறேன். பயனர் கிடைக்கலன்னா பராமரிப்பாளர் போடலாம். நீங்க போட்ட ரெண்டாவது நிமிஷம் கருவி வேலை செய்ய ஆரம்பிச்சிரும்."

"அனுப்புங்க. இப்பவே போடுதேன்."

"போட முடியாது மேடம். படிக்கணும்."

ஜெனோவாவுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு வந்த வாசிப்புச் சட்டம். உடம்பு சம்பந்தப்பட்ட எந்த ஒப்பந்தமும் படிக்காமல் போட்டால் செல்லாது; படித்ததற்குச் சாட்சி கைப்பேசியின் கேமரா. கண் எந்த வரியில் நின்றது, எதைத் தாண்டியது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். தாண்டினால் மறுபடி அந்த வரிக்கே கூட்டிவந்து விடும். ஜனங்களைக் காப்பாற்ற என்று போராடி வாங்கிய சட்டம்.

"எவ்வளவு நேரமாகும்?"

"அறுபத்தொரு ஷரத்து. வேகமாப் படிச்சா நாப்பத்தஞ்சு நிமிஷம்."

ஒப்பந்தம் வந்து விழுந்தது. இணைப்பைத் துண்டிக்காமலே படிக்க ஆரம்பித்தாள். 'இவ்வொப்பந்தத்தில் பயனர் எனப்படுபவர், அவருடைய வாரிசுகள், சட்டப்பூர்வப் பிரதிநிதிகள் ஆகியோரையும் உள்ளடக்குவார்.' முதல் ஷரத்து பச்சையானது. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதில் பாதி வரியில் அவள் கண் மேலே ஓடியது. மணி பத்து இருபத்தாறு. திரை மெல்லச் சிவந்தது. 'தாங்கள் கவனம் சிதறியுள்ளீர்கள். ஷரத்து மூன்றிலிருந்து மீண்டும் தொடங்கவும்.'

தொடங்கினாள். கண் வரியில் நடந்தது. மனம் கிரேனில் இருந்தது. வலிப்பு வருவதற்கு முன் அவருடைய இடது கை தானாக இறுகும். அந்த இடது கையில்தான் கிரேனின் நெம்புகோல் இருக்கும். நாற்பது டன் பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது அந்தக் கை இறுகினால்? கீழே பெட்டிகளின் பூட்டைக் கழற்றும் லாஷிங் ஆட்கள், லாரி டிரைவர்கள்...

'தாங்கள் கவனம் சிதறியுள்ளீர்கள்.'

கண்ணீர் வந்தால் கேமராவுக்குக் கண்மணி தெரியவில்லை. புடவைத் தலைப்பால் அழுந்தத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். பத்து நாற்பத்தெட்டுக்குப் பதினான்காவது ஷரத்தில் இருந்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" இலக்கியாவின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. தணிந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவதுபோல. "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் உங்க எடத்துல இருந்தா இதப் படிச்சிட்டு இருக்க மாட்டேன். போன வச்சிட்டு அவர் வேலை பாக்குற எடத்துக்குக் கூப்பிடுவேன். எங்கப்பாவா இருந்தா..."

இணைப்பு துண்டானது. ஒரு நொடியில் மீண்டது. பேசியது மனிதக் குரல் இல்லை. "உங்கள் உரையாடல் தர மேம்பாட்டுக்காக மாற்றப்பட்டுள்ளது. தயவுசெய்து வாசிப்பைத் தொடரவும்."

துறைமுகத்துக்குக் கூப்பிடுவது ஜெனோவாவுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றிய எண்ணத்தை நாற்பது நிமிடமாக மூலையில் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் மூன்று வருடத்துப் பொய் ஒரே வாக்கியத்தில் வெளியே வரும். அப்புறம் அவர் ஜென்மத்துக்கும் கிரேன் ஏற முடியாது. நோயை மறைத்து ஏறியதற்கு வழக்கும் வரலாம். இந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாமல் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பதினாறாவது ஷரத்து பச்சையானது. இன்னும் நாற்பத்தைந்து.

ஒப்பந்தத்தை மூடிவிட்டுத் துறைமுகத்துக் கன்டெய்னர் முனையத்தின் கன்ட்ரோல் ரூம் எண்ணை அழுத்தினாள்.

எடுத்தவர் ஷிப்டு சூப்பர்வைசர் கோயில்பிள்ளை. வீட்டு விசேஷங்களுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்.

"அண்ணாச்சி, நான் ராயப்பன் வீட்டுல ஜெனோவா பேசுதேன். அவர உடனே கீழ எறக்குங்க."

"என்னம்மா, வீட்டுல எதும்..."

"அவருக்கு வலிப்பு உண்டு அண்ணாச்சி. மூணு வருஷமா. தலைக்குள்ள ஒரு கருவி வச்சு அடக்கியிருந்தோம். இப்ப அது அணைஞ்சு போச்சு. எந்த நிமிஷமும் வரலாம். ஒங்ககிட்ட மறைச்சிட்டோம். திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்க. இப்ப எறக்குங்க."

கோயில்பிள்ளை திட்டவில்லை. வாக்கி-டாக்கியில் அவர் கத்தியது அவளுக்கும் கேட்டது. "கிரேன் நாலு! கிரேன் நாலு! ராயப்பா, பெட்டி எங்க இருக்கு? ... தண்ணிப்பக்கமா? அப்படியே கப்பல்லயே திரும்ப வை. மெதுவா. வச்சிட்டுக் கைய எடு. கேள்வி கேக்காத, கைய எடு! கீழ நிக்கிற எல்லாரும் வெலகுங்கல, வெலகு வெலகு!"

ஜெனோவா ஆட்டோவில் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. ராயப்பன் கிரேனின் காலடியில், தார்ப்பாய் ஒன்றின் மேல் ஒருக்களித்துக் கிடந்தார். இறங்கித் தரையில் கால் வைத்து ஆறு நிமிடத்தில் வலிப்பு வந்திருக்கிறது. லாஷிங் ஆட்களில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி அவர் தலைக்கு வைத்துவிட்டு, வாயில் வடிந்த எச்சிலை வெறுங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் இசக்கிப்பாண்டி என்று சொன்னார். ஆறு வருடமாக அந்தக் கிரேனுக்கு நேர் கீழே நிற்பவர்.

"பயப்படாதீங்கம்மா, வலிப்பு நின்னுட்டு. கண்ணத் தொறந்துட்டாரு," என்றார் அவர்.

பாதியில் மூடிய விலகல் ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது, மறுபடி தர முடியாது என்றது ஓர்மை. மூன்று நாளும் ஜெனோவா கணவரை விட்டு நகரவில்லை. ஏழு முறை வந்தது. நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் கருவி தானாகவே விழித்துக்கொண்டது. 'ஆய்வில் பங்கேற்றமைக்கு நன்றி' என்று செய்தி வந்தது. அன்று மாலையே முனையத்திலிருந்து வேலை நீக்கக் கடிதமும் வந்தது.

அடுத்த வாரம் வழக்கறிஞர் ஜுலைகாவின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். காயல்பட்டினத்துக்காரர். மருத்துவ வழக்குகளில் பெயர் வாங்கியவர். ஜெனோவா எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நான் படிக்காமத்தான் மேடம் போட்டேன். அதுக்கு எதுவும் செய்ய முடியாதா?" என்று கேட்டாள்.

"படிச்சீங்களா, படிக்கலையான்னு கோர்ட் பொதுவாக் கேக்காது," என்றார் ஜுலைகா. "கையெழுத்துப் போட்டா சம்மதம். ஏமாத்தி வாங்கினாங்களா, மெரட்டி வாங்கினாங்களா, வேற காகிதம்னு சொல்லி நீட்டினாங்களா, அதத்தான் கேப்பாங்க. 'படிக்க நேரமில்ல'ங்கிறது ஒரு காரணமே இல்ல. எல்லாரும் அப்படிச் சொல்லிட்டாக் கடன்பத்திரம், வாடகைப்பத்திரம் எதுவுமே நிக்காதுல்ல?"

"அப்போ நான்தான் அவர மாட்டிவிட்டேன்."

"அவசரப்படாதீங்க. அவங்க ஒப்பந்தத்துல ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, அவரு நினைவில்லாமக் கெடந்தப்ப அவரு மூளைய ஆராய்ச்சிக்குக் குடுக்க ஒங்களுக்கு அதிகாரம் உண்டா? வைத்தியத்துக்குச் சம்மதிக்கலாம். சோதனைக்கு எப்படிச் சம்மதிப்பீங்க? ரெண்டாவது, ஆபரேஷன் வாசல்ல வச்சு நீட்டுன காகிதம். அதச் சுதந்திரமாப் போட்ட கையெழுத்துன்னு சொல்ல முடியாது. அதுவும் படிக்காமப் போட்டதுன்னா, வாசிப்புச் சட்டம் வந்த இந்தக் காலத்துல நீதிபதி காது குடுத்துக் கேப்பாரு."

ராயப்பன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனதிலிருந்தே அவர் அப்படித்தான் இருந்தார்.

"அந்த இலக்கியாங்கிற பொண்ணு சாட்சி சொல்லுமா?" என்று இரண்டு நாள் கழித்து மறுபடி போனபோது ஜெனோவா கேட்டாள்.

"தேடிப் பிடிச்சுக் கேட்டேன். வேலைய விட்டு எடுத்துட்டாங்க. கம்பெனியப் பத்தி வெளிய பேசக் கூடாதுன்னு சேரும்போதே எழுதி வாங்கியிருக்காங்களாம்." ஜுலைகா பேனாவை மூடினார். "அதுவும் படிக்காமத்தான் போட்டிருக்கு."

நோட்டீஸ் போனது. பன்னிரண்டாவது நாள் ஓர்மையின் பதில் வந்தது. ஜுலைகா ஜெனோவாவை மட்டும் கூப்பிட்டார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கடையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

"ஒங்க கையெழுத்தப் பத்தி அவங்க ஒரு வார்த்தை எழுதல," என்றார் ஜுலைகா. "அவங்களுக்கு அது தேவையே இல்ல. வாசிப்புச் சட்டம் வந்த பெறகு பழைய ஆட்கள் எல்லார்கிட்டயும் புதுசா வாங்கியிருக்காங்க. போடலன்னா கருவிய நிரந்தரமா அணைச்சிருவோம்னு சொல்லி. ஒங்க வீட்டுக்காரரு பதினாலு மாசத்துக்கு முன்னாடி அவரே போட்டிருக்காரு."

"அவரும் படிக்காம..."

ஜுலைகா ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வாசிப்புப் பதிவு. வரி வரியாக நேரம் குறித்திருந்தது. முனையத்து ஷிப்டு பஸ்ஸில் போகவரும்போது, மூன்று நாளாகப் பிரித்துப் படித்திருக்கிறார். பெரும்பாலான ஷரத்துகளில் இருபது, முப்பது நொடி. 31(4)இல் மட்டும் ஆறு நிமிடம் பதினொரு நொடி. அதைத் தாண்டிப் போய் நான்கு முறை அதற்கே திரும்பி வந்திருக்கிறார். மூன்றாம் நாள், கடைசியாக ஒருமுறை அதையே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஜெனோவா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று வாரமாகத் தன் மூன்று கையெழுத்துக்காக அவள் அழாத நாள் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"இது கேஸ முடிச்சிரும்னு சொல்ல மாட்டேன்," என்றார் ஜுலைகா. "'போடு, இல்லன்னா அணைச்சிருவேன்'னா அது சம்மதமாங்கிறது நல்ல கேள்வி. ஆனா அத எழுப்பணும்னா அவரு கூண்டுல ஏறி, தெரிஞ்சேதான் கிரேன் ஏறினேன்னு சொல்லணும். கீழ நின்னவங்க அதக் கேப்பாங்க. போலீசும் கேக்கும்."

வீட்டுக்கு வந்தவள் தாளை மேசைமேல் வைத்தாள். ராயப்பன் அதை எடுத்துப் பார்க்கவில்லை. என்னவென்று தெரிந்துவிட்டது.

"நாப்பதுல ஒண்ணு," என்றார். "வருஷத்துக்கு மூணு நாள். அதுலயும் எனக்கு லீவு நாளா இருக்கலாம், ஷிப்டு இல்லாத நேரமா இருக்கலாம். மனசுக்குள்ள போட்டுப் போட்டுப் பாத்தேன் ஜெனோ. வராதுன்னு தோணிச்சு. போடலன்னா மறுநாளே கிரேன் கெடயாது, பழையபடி வாரத்துக்கு மூணு தடவ தரையில கெடக்கணும். ஒங்கிட்டச் சொன்னா நீ ஏற விடமாட்ட."

"நான்தான் ஒங்கள மாட்டிவிட்டேன்னு அழுதேனே. அப்பக்கூடவா வாயத் தொறக்கத் தோணல?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆள் சத்தம் கேட்டது. இசக்கிப்பாண்டி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிளாஸ்டிக் உறையில் மடித்த ஒரு தாளும்.

"அண்ணே, ஒங்களுக்கு நடந்தது எவனுக்கும் நடக்கக் கூடாது," என்று உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். "லாஷிங் செட்டு முழுக்கக் கூடிப் பேசிட்டோம். ஆஸ்பத்திரி வாசல்ல படிக்கவிடாமக் கையெழுத்து வாங்குனதுக்கு மனுசன் என்ன செய்வான்? வேலையத் திரும்பக் குடுக்கணும்னு மனு எழுதியிருக்கோம். நாப்பத்துமூணு பேரு போட்டிருக்கு. மேல நிக்கிறது எம் பேருதான்." தாளை விரித்துக் காட்டினார். விதவிதமான கையெழுத்துகள். இரண்டு மூன்று கைநாட்டும் இருந்தன.

ஜெனோவா கணவரின் முகத்தைப் பார்த்தாள். தான் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மேசைமேல் கிடந்த தாளை அவர் மெல்ல எடுத்து மடிப்பதைப் பார்த்தபோது, அதைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் அதை இசக்கிப்பாண்டியிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியும் இசக்கி."

"எது?"

"அணைப்பாங்கன்னு. படிச்சேன். தெரிஞ்சுதான் ஏறினேன்."

இசக்கிப்பாண்டி தாளைப் பார்த்தார். அதிலிருந்த எண்கள் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "எத்தன நாளாத் தெரியும்?"

"பதினாலு மாசம்."

"பதினாலு மாசமா நான் ஒங்க கீழதான் நின்னேன்."

"ஆமா."

தெருவில் ஒரு மீன் வண்டி கூவிக்கொண்டு போனது. தாளை இசக்கிப்பாண்டி மேசைமேல் திருப்பி வைத்தார்.

"எனக்கு வயித்துப் புண்ணு," என்றார் இசக்கிப்பாண்டி கடைசியில். "மருத்துவச் சீட்டுல அத எழுதாம நானும்தான் வேலை பாக்குதேன். ஆனா எம் புண்ணு ஒங்க தலையில விழாதுண்ணே." எழுந்துகொண்டார். மனுவை மடித்து உறைக்குள் போட்டார், கிழிக்கவில்லை. "எம் பேர என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. மத்த நாப்பத்ரெண்டு பேருக்கு நான் போய்ச் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலைல ஷிப்டு மாறுத நேரம் எல்லாரும் கேட்டுல நிப்பாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

பழத்தை அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை. யாரும் தொடவுமில்லை.

காலை ஏழரைக்கு ராயப்பன் சட்டையை மாட்டியபோது ஜெனோவா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "நீ எதுக்கு?" என்றார். அவள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். அவர்மேல் கோபம் தீரவில்லை. தனியாக அனுப்பவும் மனம் வரவில்லை.

முனையத்தின் கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில், மஞ்சள் சட்டைகள் கூட்டமாக நின்றன. அவரைப் பார்த்ததும் சிலர் கைதட்டினார்கள். ஒருவன் ஓடிவந்து தோளில் கைபோட்டான். "அண்ணாச்சி, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்." கோயில்பிள்ளை கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். இசக்கிப்பாண்டி கேட்டுக் கம்பியில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராயப்பன் தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டார். இரண்டடி முன்னால் போய், எல்லாருக்கும் முகம் தெரிகிற இடத்தில் நின்றார். கைதட்டல் அடங்கக் காத்திருந்தார்.

"நான் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்," என்று ஆரம்பித்தார்.